என் பெயரில் ஒரு மின் இணைப்பு

கே.கே. நகர்
19 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புஷ்பம் எழுதுவது. தி. நகருக்கும் கே.கே. நகருக்கும் நடுவில் இருக்கும் தூரத்துக்குக் கடிதமா என்று மதினி சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஆறு நாளில் நீங்கள் பதினேழு தடவை போன் செய்திருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ கொட்டுவேன். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் போனது. தாளில் ‘ம்’ கொட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். கடை வண்டி ஓட்டும் உமர் ஃபாரூக் இந்தப் பக்கம் சரக்குப் போட வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் உண்டென்றால் அவரிடமே கொடுங்கள்.

13ஆம் தேதி நடந்ததை நீங்கள் வேறு மாதிரிச் சொல்லி வருவதாகக் கேள்வி. நடந்தது இதுதான்.

புடவை எடுத்த அன்றைக்கே ஜாக்கெட் தைத்துத் தருகிறோம் என்று போர்டு வைத்துத்தான் பக்கத்துக் கடைகளை நீங்கள் முந்தினீர்கள். அந்த ஜாக்கெட்டைத் தைப்பவர்கள் நாலாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, பதினாலு பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி நான். கரன்ட் பில் ஏறியதும் முதலில் எங்கள் ஏசியை நிறுத்தினீர்கள். அதற்கும் ‘ம்’ கொட்டினேன். அடுத்து ஆறு மின்விசிறியில் மூன்றுக்கு வயரைப் பிடுங்கச் சொன்னீர்கள். கேட்டுப் பார்த்தேன், நீங்கள் கால்குலேட்டரைக் காட்டினீர்கள், மேலே திரும்பிவிட்டேன்.

கத்திரி வெயில். மத்தியானம் இரண்டேகால். ஜமீலுன்னிசா மெஷின் மேலேயே சாய்ந்தாள். கால் பெடலில் இருந்தது. ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி அந்தப் பக்கம் வந்துவிட்டது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து அவள் கேட்ட முதல் கேள்வி, “துணில ரத்தம் பட்டுகிச்சாக்கா?”

நீங்கள் படியேறி வந்தீர்கள். அவளைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தீர்கள். “ஏட்டி, அவளுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு. நோன்பு கீன்பு இருந்திருப்பா. மூணு மணிக்கு அடையார் பார்ட்டி ஜாக்கெட் வாங்க வந்துரும்” என்றீர்கள்.

நோன்பு மார்ச்சோடு முடிந்துவிட்டது அண்ணே.

கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். யாரையும் என்னோடு வரச்சொல்லவில்லை. மறுநாள் காலை ஒன்பது பேர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். மீதி ஐந்து பேரைக் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வீட்டு அடுப்பு அவரவருக்கு. மகள் பிரியா கல்யாணத்துக்கென்று வைத்திருந்த இரண்டு ஜோடி வளையலை விற்றேன். பவுன் எழுபதாயிரத்துக்கு மேல் போகிறது, உங்கள் தங்கை வாழ்க்கையில் முதல் தடவையாக லாபம் பார்த்தாள். பழைய மெஷின்கள் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டாயிற்று. பிரியாவிடம் கேட்டுத்தான் செய்தேன். “வளையலை நான் வருஷத்துக்கு ரெண்டு தடவ போடுவேன். மெஷின் தினமும் ஓடும்ல” என்றாள்.

அவளுக்கும் சேரனுக்கும் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. ஆவணி 13, ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. பெருங்குடியில் வேலை பார்க்கும் அந்தப் பையனை நீங்கள்தான் பார்த்துப் பேசி முடித்தீர்கள். தாய்மாமன் நீங்கள் வந்து நடத்திக்கொடுக்க வேண்டும். கடையில் நடந்தது வேறு, இது வேறு.

உங்கள் தங்கை,
புஷ்பம்


தி. நகர்
24 மே 2025

புஷ்பத்துக்கு,

இசக்கிமுத்து எழுதுவது. உனக்குக் கடிதம் எழுதும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

மின்விசிறி, மின்விசிறி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாய். கடையின் கரன்ட் பில் மாதம் இரண்டு லட்சத்தைத் தொடுகிறது, ஜூலையில் இன்னும் ஏற்றப்போகிறார்கள் என்கிறார்கள். வருகிறவர்கள் புடவையை விரித்துப் பார்க்கிறார்கள், தடவிப் பார்க்கிறார்கள், போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆன்லைனில் வாங்குகிறார்கள். ஏசி என்னுடையது, வியாபாரம் வேறு எவனுக்கோ. கீழே ஏசியை நிறுத்தினால் அந்த ஆள்கூட வரமாட்டான். மேலே நிறுத்தினால் தைக்கிறவள் எங்கேயும் போகமாட்டாள். எதை நிறுத்துவேன்? நீ என் இடத்தில் இருந்தால் எதை நிறுத்துவாய்? வியாபாரம் என்பது இரக்கப்பட்டு நடத்துகிற காரியம் இல்லை. தெருவில் துண்டு விரித்து பனியன் விற்றவன் நான். மண்டை பிளக்கிற வெயிலில் நின்றிருக்கிறேன். எனக்கு எவனும் விசிறி போடவில்லை.

அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் கொடுத்தேன். அதை நீ எழுதவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. தாரை வார்த்துக்கொடுக்க நீ மேடையேற முடியாது. நானும் உன் மதினியும்தான் நிற்க வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை, நம்மில் உள்ள வழக்கம். அதனால் சொல்கிறேன். ஆடி பிறப்பதற்குள் அந்த ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து சேர். ஆடித் தள்ளுபடிக்கு ஜாக்கெட் இல்லாமல் புடவை நகராது. வந்தால் ஊரே பார்க்கிற மாதிரி சீரோடு வருகிறேன். வராவிட்டால் நானும் வரவில்லை, சொந்தத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு பிள்ளையை யார் தாரை வார்ப்பது என்று நீயே யோசி.

இசக்கிமுத்து


கே.கே. நகர்
2 ஜூன் 2025

அண்ணனுக்கு,

யோசித்தேன். நான்தான் வார்ப்பேன்.

அவர் போன பதினேழாம் நாள் நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். தீபாவளி வேலை குவிந்து கிடக்கிறது, வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குக் கடைக்கு வந்தால் மனசு மாறும் என்றீர்கள். வந்தேன். அந்த மாதம் மட்டும் கல்யாணப் பெண்கள் இருபது பேருக்கு முகூர்த்த ஜாக்கெட் என் கையால் தைத்தேன். அதற்கப்புறம் இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை நூறு என்று எனக்கே தெரியாது. ஒருத்தியும் என் கழுத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை. மங்கலத்துக்கு என் கை ஆகும், கால் மட்டும் ஆகாதா?

பிரியாவிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவளிடம் மறைத்து வைக்கும் வயதில்லை. “மாமா வந்தா சந்தோஷம். வரலேன்னா நீ நில்லும்மா. நீ நிக்கலேன்னா நான் உக்கார மாட்டேன்” என்றாள். சேரன் வீட்டிலும் போய்ப் பேசிவிட்டேன். அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு, “ஒங்க பொண்ணு, ஒங்க இஷ்டம். காபி ஆறுது, குடிங்க” என்றார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவு நீங்கள் கொடுத்தது உண்மை. எழுதாதது என் தவறு. ஜமீலுன்னிசாவின் விரல் இன்னும் மடங்கவில்லை, அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கடைக்கு வரமாட்டோம்.

புஷ்பம்


தி. நகர்
5 ஜூன் 2025

புஷ்பத்துக்கு,

உன் இஷ்டம். எத்தனை நாள் ஓடுகிறது என்று நானும் பார்க்கிறேன்.

இசக்கிமுத்து


கே.கே. நகர்
8 ஜூலை 2025

அண்ணனுக்கு,

சனிக்கிழமை மின்வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, கடைக்குரிய இணைப்புக்கு மாற்றியிருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டம். மாற்ற மனுப் போட்டிருந்தேன், அது வருவதற்குள் மெஷினை ஓட்டியது என் தப்பு. அபராதம் எழுதிக் கொடுத்தார்கள், கட்டிவிட்டேன். புது இணைப்பு வரும்வரை மெஷினைத் தொடக் கூடாது.

நாலு கல்யாண ஆர்டர் கையில் இருக்கிறது. கால்மிதி மெஷின் இரண்டு வாடகைக்கு எடுத்து மாறி மாறி மிதிக்கிறோம். மற்றவர்கள் கொக்கியும் ஓரமும் கையால் தைக்கிறார்கள். ஜமீலுன்னிசா இடது கையால் வெட்டப் பழகுகிறாள். முழங்கால் வீங்கிப்போன ஒருத்தி நேற்று, “அண்ணாச்சி கடைல மூணு ஃபேனாவது ஓடிச்சு” என்று சொல்லிவிட்டாள். பிறகு அவளே வருத்தப்பட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

இதை எழுதும் காரணம் வேறு. வந்தவர் அறிக்கை எழுதுவதற்காகக் கையிலிருந்த புகார் மனுவை என் மேசை மேல் வைத்தார். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. டைப் செய்தது. இரண்டாவது வரியில் ‘மேற்ப்படி முகவரியில்’ என்று இருந்தது. மேற்படிக்கு நடுவில் ஒரு ‘ப்’. இருபத்திரண்டு வருடம் பில் புத்தகத்திலும் நோட்டீஸிலும் அந்தப் ‘ப்’பை அடித்துத் திருத்தியவள் நான்.

சுற்றி வளைத்துப் பதில் வேண்டாம். நீங்கள்தானா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள், போதும்.

புஷ்பம்


தி. நகர்
14 ஜூலை 2025

புஷ்பத்துக்கு,

ஆமாம்.

உன்னைக் கெடுக்க எழுதவில்லை. மெஷின் நின்றால் திரும்பி வருவாய் என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த வழி அது. வியாபாரத்தில் ஒருவன் மடங்காவிட்டால் அவனுக்குச் சரக்கு வருகிற வழியை அடைப்போம், நாலு நாளில் தானே வந்து உட்காருவான். நீ வரவில்லை. கால்மிதி மெஷின் மிதிக்கிறாய்.

இன்னும் மூன்று நாளில் ஆடி. ஜாக்கெட்டுக்குப் பதிலாக ரெடிமேடு எடுத்து அடுக்கியிருக்கிறேன். ஒருத்திக்குத் தோளில் நிற்கவில்லை, ஒருத்திக்குக் கை ஏறவில்லை. “அந்த அக்கா எங்க, அளவே எடுக்காம பாத்தே தைப்பாங்களே” என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிறேன்.

முந்தாநாள் மேலே போனேன். ஐந்து பேரில் மூன்று பேர் லீவு. ஆளில்லாத மெஷின் முன்னால் உட்கார்ந்து சரக்கு விவரத்தைச் சரிபார்க்கலாம் என்று நினைத்தேன். மணி இரண்டு. கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று மின்விசிறியையும் மாட்டச் சொல்லிவிட்டு இறங்கினேன். இதை நான் தப்பை ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதே. இருக்கிற இரண்டு பேரும் போய்விடக் கூடாது என்று செய்தது.

மறுபடி இதே நிலைமை வந்தால் மறுபடி மனு எழுதுவேன் என்று சொல்வதற்காகத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை.

கல்யாணம் பற்றி முன்னால் சொன்னதில் மாற்றமில்லை.

இசக்கிமுத்து


கே.கே. நகர்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

உங்கள் ‘ஆமாம்’ கிடைத்தது. உடனே பதில் எழுதியிருந்தால் நான் எழுதக் கூடாததை எழுதியிருப்பேன். அதனால் மூன்று வாரம் விட்டேன்.

புது இணைப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று என்று சுவரில் இரண்டு மீட்டர். தொழில் மீட்டர் அட்டையில் ‘பா. புஷ்பம்’ என்று இருக்கிறது. அண்ணே, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா வீட்டில் அப்பா பெயரில் பில் வரும், கட்டிக்கொடுத்த வீட்டில் அவர் பெயரில் வரும், கடையில் உங்கள் பெயரில். என் பெயரில் எதுவும் வந்ததில்லை. யூனிட்டுக்கு இனி நானும் கடைக்காரர்களுக்குரிய ரேட்தான் கட்ட வேண்டும். நீங்கள் சொன்ன கரன்ட் பில் கஷ்டம் எனக்கும் இப்போது புரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். மெஷின் எவ்வளவு இழுக்கும், இஸ்திரிப் பெட்டி எவ்வளவு இழுக்கும் என்று பிரியா எழுதி ஒட்டியிருக்கிறாள். இஸ்திரிப் பெட்டிதான் ஆளை விழுங்குகிறது. நாள் முழுக்கச் சூடாக வைக்காமல் காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி என்று வைத்துக்கொண்டோம். மின்விசிறி அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வயரைப் பிடுங்குவதற்கு முன்னால் நீங்களும் ஒரு நாள் மேலே வந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

இதோடு பத்திரிகை வைத்திருக்கிறேன். அழைப்பது நான் என்று என் பெயரைப் போட்டிருக்கிறேன். தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயரும் மதினி பெயரும் இருக்கின்றன. அச்சுக்காரர், “வருவாங்களா மேடம், உறுதியா போடலாமா?” என்று கேட்டார். வந்தாலும் வராவிட்டாலும் தாய்மாமன் அவர்தான், போடுங்கள் என்றேன்.

புஷ்பம்


தி. நகர்
31 ஆகஸ்ட் 2025

புஷ்பத்துக்கு,

திருப்பூரிலிருந்து தினமும் போன் வருகிறது. அமெரிக்கா வரியை ஏற்றியதில் அங்கே போக வேண்டிய சரக்கு மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிறதாம். பாதி விலைக்கு எடு, கால் விலைக்கு எடு என்கிறார்கள். பண்டிகை நேரத்தில் இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது.

இதை எழுதுவதற்கு நான் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் மண்டபத்துக்கு வந்தேன். உன் மதினி காலை நாலு மணிக்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, “நீங்க வரலேன்னா நான் ஆட்டோல போறேன்” என்று நின்றாள். அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தேன். வண்டியில் சீர்த்தட்டு பதினொன்றும் இருந்தன. அவள் எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. அவள் உள்ளே போனதும் நானும் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றேன். சொந்தத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நான் சொன்னதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போல.

நீ மேடையில் நின்றாய். பிரியா கையைப் பிடித்துச் சேரன் கையில் வைத்துச் செம்பிலிருந்து தண்ணீர் விட்டாய்.

விளாத்திகுளத்து அத்தை பக்கத்தில் வந்து, “ஏல முத்து, நீ இங்க நிக்க, அவ மேல நிக்கா. இது நல்லாவா இருக்கு?” என்றாள். எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. “அவ மக கல்யாணம் அத்தை. அவ நிக்காம பின்ன யாரு நிக்கது?” என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன். சீரை மறுநாள் ஃபாரூக்கிடம் கொடுத்தனுப்பினேன்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கடையில் நாலில் ஒரு பங்கு உன் பெயருக்கு எழுதித் தருகிறேன். வக்கீலிடம் பேசிவிட்டேன். இத்தனை வருட உழைப்புக்கு இது எப்போதோ செய்திருக்க வேண்டியது. தீபாவளிக்கு முன்னால் உன் ஆட்களோடு வா. நாலாவது மாடிக்கு மறுபடி ஏசி போடுகிறேன். இதற்கு மேல் ஒரு அண்ணன் என்ன செய்ய முடியும்?

இசக்கிமுத்து


கே.கே. நகர்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்றைக்கு இந்தப் பகுதியில் பராமரிப்பு வேலை. காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை கரன்ட் கிடையாது. எல்லோரும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொக்கி தைக்கிறார்கள். அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

சீர் வந்தது. பிரியா வாங்கிக்கொண்டாள். அது உங்களுக்கும் அவளுக்கும் உள்ளது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவளும் சேரனும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். மதினி வந்து நேரில் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள், நானும் வருகிறேன்.

பங்கு வேண்டாம் அண்ணே. பத்து வருடம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் உங்கள் காலில் விழுந்து அழுதிருப்பேன். இப்போது அந்தக் கால் பங்குக்கு நான் கணக்குக் கேட்க வேண்டும், நீங்கள் சொல்ல வேண்டும், மறுபடி நான் ‘ம்’ கொட்ட வேண்டும். இங்கே ஒன்பது பேரும் என் முகத்துக்கு நேராகவே பேசுகிறார்கள். எனக்கு அது பழகிவிட்டது.

தீபாவளி வேலை தருவதானால் எடுத்துக்கொள்கிறோம். மற்றக் கடைகளுக்கு என்ன ரேட்டோ அதேதான் உங்களுக்கும். துணியும் அளவும் காலை பதினோரு மணிக்குள் ஃபாரூக் கொண்டுவர வேண்டும், சாயங்காலம் தைத்து அனுப்புவோம். ஏசியை இப்போது மேலே இருக்கிற பெண்களுக்குப் போட்டுக்கொடுங்கள். எங்களுக்காக என்று நிறுத்தி வைக்க வேண்டாம்.

திருப்பூர் சரக்கை எடுப்பது உங்கள் இஷ்டம். ஆனால் கால் விலைக்கு வருவதை வாய்ப்பு என்று எழுதாதீர்கள். விட்டுக்கொடுத்த அந்த முக்கால் விலையில் யாரோ நாலு பேருடைய சம்பளம் இருக்கிறது. அவர்களும் இப்போது எங்கேயோ மெஷின் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மனு எழுதியதை நான் பிரியாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதற்காக மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மறக்க முடியவில்லை. விருந்தில் அதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுத்தாலும் எனக்குச் சம்மதமே.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தூண் ஓரமாக நீங்கள் நின்றதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். செம்பைக் கையில் எடுத்த அதே நேரம். கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். வந்திருந்தால் எல்லோரும் சேர்ந்து செம்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, என்னை நாலு அடி தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்கள். நானும் பழக்கத்தில் தள்ளி நின்றிருப்பேன். அதனால்தான் கூப்பிடவில்லை. உங்கள் மேல் கோபத்தில் இல்லை. அத்தையிடம் நீங்கள் சொன்னதை மதினி அன்றைக்கே வந்து சொல்லிவிட்டார்கள். அதை அவர்கள் மூன்று தடவை சொன்னார்கள், மூன்று தடவையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டேன்.

கரன்ட் வந்துவிட்டது. இன்னும் அரை மணி இருக்கிறது என்று நினைத்தேன். ஜமீலுன்னிசா எழுந்துபோய் எல்லா மின்விசிறியையும் போட்டுவிட்டாள், தாள் பறக்கிறது. ஒரே நேரத்தில் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. சாயங்காலத்துக்குள் முப்பது ஜாக்கெட் போக வேண்டும்.

எழுந்துபோகிறேன்.

புஷ்பம்